கரடியின் பெருமூச்சு

"இன்னொரு தடவை விடுங்க சார்," என்றார் ஒலிப்பதிவாளர்.

கரடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு கொள்ளும் மட்டும் காற்றை உள்ளே இழுத்தார். தனக்குத் தெரிந்த சோகங்களையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வெளியே விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாசூக்கான மனிதர். சம்பளம் கொடுக்கிற முதலாளியாயிற்றே என்று எதையும் தடவிக் கொடுத்துத்தான் சொல்வார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது பெருமூச்சு இல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு சாய்வு நாற்காலியில சாஞ்சவர் விடற மூச்சு."

காலையிலிருந்து இதே கதைதான். ஒரு மனிதனுக்குப் பெருமூச்சு விடக்கூடவா வராது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வரவில்லையே, என்ன செய்ய? அவர் பாவம், சுகமாக இருந்தார். அந்தச் சுகம் வந்த கதையைச் சொன்னால்தான் இந்தச் சங்கடம் விளங்கும்.

கரடிக்காரர் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அதற்கு முன்னால் அவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவிக்குப் பிரசவம் நெருங்கிய நேரம் பார்த்து அந்த வேலையை உதறிவிட்டு, வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கிடைத்த சந்தில் கணினி, நாற்காலி, அதில் இவர்.

அவர் செய்த விளையாட்டு இவ்வளவுதான்: ஒரு கரடி முதுகில் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும். பீரோ சாயாமல் நாம் விரலால் பார்த்துக்கொள்ள வேண்டும். விரலை எடுத்துவிட்டால் கரடி பீரோவை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விடும். நீளமாக, நிதானமாக, நடுவில் ஒரு சின்னத் தடங்கலோடு, கடைசியில் "ஹூம்" என்று முடியும்.

அந்தப் பெருமூச்சு திட்டம் போட்டு வைத்ததல்ல. கரடிக்கு உறுமல் வேண்டுமென்று அவரே மைக் முன்னால் உட்கார்ந்து நாள்கணக்கில் உறுமிப் பதிவு செய்தார். பதிவின் வாலை வெட்ட மறந்துவிட்டார். வாலில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அந்த மூச்சு. அதையாவது கேட்டுப் பார்த்தாரா என்றால், அதுவும் இல்லை. அதற்குள் குழந்தை பிறந்து அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் விளையாட்டைச் சோதித்ததெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான். அப்படியே வெளியிட்டும்விட்டார்.

கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். வார முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது எனக்குள்ளே கேட்கிற சத்தம் இதுதான் என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு ஊர்ப்பட்ட பேர் அதையே எழுதினார்கள். பெருமூச்சை வெட்டி எடுத்து போன் மணியாக வைத்துக்கொண்டார்கள். கணவன் மனைவிக்கு அனுப்பினான், மனைவி திருப்பி அனுப்பினாள். பீரோ மேலே போய்ச் சேர்வதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை. விரலை எடுத்து எடுத்துக் கரடியை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேலைக்கு ஆட்கள் சேர, படுக்கையறைச் சந்திலிருந்து கூடத்துக்கு வந்தார்கள். கூடத்திலிருந்து மனைவி விரட்டிவிட்டாள். ஒரு மாடி வாடகைக்குப் பிடித்தார்கள், பிறகு கட்டடத்தையே வாங்கினார்கள். அறுபது பேர் வேலைக்கு வந்தார்கள். கரடியின் ரோமத்துக்கு மட்டும் தனியாக ஆள். பீரோவின் கைப்பிடிக்கு இரண்டு பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கரடிக்காரர் தன் சொந்த அலுவலகத்தில் கழிப்பறைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டாவது பாகம் எப்போது என்று ரசிகர்கள் நச்சரிக்கத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் மேலாளர் கெட்டிக்காரப் பெண்மணி. ஆனால் முன்னால் மைக்கை நீட்டிவிட்டால் போதும், அவர் வாய் அவரை முந்திக்கொண்டு ஓடிவிடும். ஒரு பேட்டியில், இரண்டாவது பாகத்தில் கரடி நூறு விதமாகப் பெருமூச்சு விடும் என்று சொல்லிவிட்டார்.

ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெளிவராத விளையாட்டுக்கு முன்பணம் கட்டித் தள்ளினார்கள். அந்தப் பணத்தில்தான் மூன்றாவது மாடியே வந்தது.

நூறு மூச்சுக்கு எங்கே போவது? நல்ல நடிகர்களாகப் பார்த்துக் கூட்டிவந்து விடச் சொன்னார்கள். அவர்களும் கண்ணீர் வர விட்டார்கள். முன்னோட்டம் வெளியான அன்றே ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இது கூலிக்கு விட்ட மூச்சு, எங்கள் கரடியை என்ன செய்தீர்கள் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். சரி, பழைய மூச்சையே போட்டுவிடுகிறோம் என்றால் அதற்கும் சண்டை. புதிதாகவும் இருக்க வேண்டுமாம், அச்சு அசல் பழையது மாதிரியும் இருக்க வேண்டுமாம்.

மேலாளர் நெருப்பை அணைப்பதாக நினைத்துக்கொண்டு மறுபடி மைக் முன்னால் போய் நின்றார். அந்த முதல் பெருமூச்சு எங்கள் முதலாளி தன் கஷ்ட காலத்தில் விட்டது, இந்த நூறையும் அவரே தன் வாயால் விடப் போகிறார் என்று அறிவித்துவிட்டார். முன்பணம் இரண்டு மடங்காகிவிட்டது.

கரடிக்காரருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த நாளில் பெருமூச்சு விடக் காரணத்துக்கா பஞ்சம்? எப்போது விட்டோம் என்று ஞாபகம் இல்லைதான். விடுகிற மூச்சையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இப்போது விளங்கியிருக்கும். சொன்ன தேதிக்குள் மூச்சு வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அறுபது பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, இனி உங்களுக்குக் கவலை இல்லை என்று அவரே சொல்லி வேலைக்கு எடுத்தவர்கள். அதை நினைத்தாலே அவருக்குப் பயம் வந்தது. பயந்தாலும் அவருக்குப் பெருமூச்சு வரவில்லை, விக்கல்தான் வந்தது. நூறு விக்கல் கேட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

"பழைய வீட்டுக்கே ஒருநடை போய்ப் பார்ப்போம் சார்," என்றார் ஒலிப்பதிவாளர். "அந்த இடத்தைப் பார்த்தா தானா வரும்."

போனார்கள். வாடகை தாமதமானால் கதவை உடைக்கிற மாதிரித் தட்டுகிற வீட்டுக்காரர், வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். படுக்கையறை வாசலில் "கரடி பிறந்த அறை" என்று பலகை. உள்ளே பார்க்க வருகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். அதற்குக் கட்டணமும் வைத்திருந்தார் மனிதர்.

"இவர் பெரிய ஆளா வருவார்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார் வீட்டுக்காரர். "அதனாலதான் காலி பண்ணச் சொல்லல."

மூன்று முறை காலி பண்ணச் சொன்னவர். கரடிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள், தோளில் கைபோட்டார்கள், காபி வாங்கிக் கொடுத்தார்கள். ஒலிப்பதிவாளரின் கருவியில் விழுந்ததெல்லாம் கெக்கெக்கே என்ற சத்தம்தான். அந்தப் படங்கள் ஊரெல்லாம் பரவின. பிறந்த இடத்துக்கே போய்ப் பயிற்சி எடுக்கிறார், இனி வரப்போகிற மூச்சு உலகம் கேட்டிராத மூச்சாக இருக்கும் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

மேலாளர் வேறு வழியைப் பிடித்தார். மறுநாள் இருண்ட முகத்தோடு முதலாளி அறைக்குள் வந்து நின்றார். கணினி அறை தீப்பிடித்துவிட்டது, இரண்டாவது பாகம் மொத்தமும் போய்விட்டது என்று தழுதழுத்தார். எல்லாம் நடிப்பு. பூச்சாடிக்குப் பின்னால் மைக்கை ஒளித்து வைத்துக்கொண்டு அடுத்த அறையில் காத்திருந்தார் ஒலிப்பதிவாளர்.

கரடிக்காரரின் முகம் வெளுத்துப்போனது. உதடு துடித்தது.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல சார். ஆளுங்க எல்லாரும் பத்திரம்."

"அப்பாடா," என்று நாற்காலியில் சரிந்தார் கரடிக்காரர்.

அடுத்த அறையில் ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். சோகத்தை எதிர்பார்த்த இடத்தில் நிம்மதி வந்து விழுந்தால் என்ன செய்வது? அதற்குள் கதவருகே நடந்துபோன யாரோ பாதியைக் கேட்டுவிட்டு வெளியே சொல்லிவிட்டார்கள். கரடி நிறுவனம் சாம்பலாகிவிட்டது என்று செய்தி பறந்தது. ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். விட்டதோடு நிற்காமல், ஏற்கெனவே வாங்கிய முதல் பாகத்தைச் சித்தப்பாவுக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று என்று மறுபடி வாங்கித் தள்ளினார்கள். சாயங்காலத்துக்குள் நிறுவனம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. சாம்பலிலிருந்து எழுந்து வருகிற கரடிக்கு நூறு மூச்சு எப்படிப் போதும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கரடிக்காரர் விஷயம் தெரிந்து கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க சார்," என்றார் மேலாளர், அழாத குறையாக. "அந்தக் காலத்துல உங்களை யார் யார் திட்டினாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல."

கரடிக்காரர் யோசித்துச் சொன்னார். முதலில் பழைய அலுவலகத்து அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் வந்து முதலாளியின் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே தனக்கேற்ற வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்டார். அடுத்தது அண்ணன். உருப்படமாட்டாய் என்று ஒரு காலத்தில் வாய் ஓயாமல் சொன்னவர். அவர் வந்து, தம்பி மாதிரி உண்டா என்று வரவேற்பறைப் பெண்ணிடம்கூடச் சொல்லிவிட்டுப் போனார். கரடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூச்சு எங்கிருந்து வரும்?

"வேற யாருமே திட்டலையா? உங்க மாமியார்?"

"சேச்சே. அத்தை தங்கமான மனுஷி." கரடிக்காரருக்குக் குரலே குழைந்தது. "நிறைமாசமா இருக்கற பொண்ணை வெச்சுக்கிட்டு வேலையை விட்டேன். பிரசவத்துக்கு வந்து கூடவே இருந்தாங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அந்த அத்தையின் மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. இப்போதும் அவர்கள் வீட்டோடுதான் இருக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொண்டு. இந்த மூன்று மாடிக் கட்டடத்தை அவர் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு நம் மாப்பிள்ளை பரவாயில்லை என்று மனத்துக்குள்ளாவது நினைக்க வேண்டும் என்பது கரடிக்காரரின் நெடுநாள் ஆசை. கூப்பிட்டபோதெல்லாம் அத்தைதான் குழந்தையைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்.

மாமியாரை விட்டுவிட்டு, கரடிக்காரரின் மனைவிக்குப் போன் போட்டார் மேலாளர். கொஞ்சம் திட்டிவிடுங்கள், அறுபது குடும்பம் உங்களை வாழ்த்தும் என்றார். அவளும் பாவம், முயற்சி செய்தாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, முகத்தைச் சுளித்து, உங்களைக் கட்டிக்கொண்டு நான் என்ன கண்டேன் என்று ஆரம்பித்தாள். அவர் பயபக்தியோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துகொண்டது.

"அப்போவே எனக்குக் கோபம் வந்ததில்லைங்க," என்றாள். "மூலையில உக்காந்து கரடி மாதிரி உறுமிட்டிருக்கற ஆளை எப்படித் திட்டறது?"

சிரித்து ஓய்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குள்ள வரலேன்னா எல்லாரையும் அனுப்பணும். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து எப்படிச் சொல்றது?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வரும், வராமல் எங்கே போகும் என்றாள். அவள் பிடித்துக்கொண்டதில் அவருக்கு இருந்த பயமும் பாதி போய்விட்டது, விக்கல்கூட வரவில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. மேலாளர் இரவெல்லாம் யோசித்து வைத்த கடைசி யோசனையோடு வந்தார். முதலாளியே கரடியாகிவிட வேண்டும். பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு நிஜமாகவே மாடி ஏற வேண்டும். உடம்பு தளர்ந்தால் மூச்சு தானாக வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

கணக்குப் பிரிவிலிருந்து பீரோவைக் காலி செய்து தூக்கி வந்தார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தக் காலத்துச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார்கள். முதுகில் கிழிசல், கையில் பித்தான் இல்லை. தலையையும் கலைத்துவிட்டார்கள். பட்டையை இழுத்துக் கட்டி, பின்னால் இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, கரடிக்காரர் முதல் படியில் கால் வைத்தார். நீண்ட கோலில் மாட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவாளர் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே ஏறினார். அறுபது பேரும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேலாளர் சும்மா இருப்பாரா? இதோ, முதல் மூச்சு வரப்போகிறது என்று எல்லாவற்றையும் ரசிகர்களுக்கு நேரடியாகக் காட்டத் தொடங்கிவிட்டார்.

நான்கு படி ஏறியதும் யாரோ கைதட்டினார்கள். பத்துப் படிக்குள் மாடிப்படி முழுவதும் கைதட்டியது. பீரோ கைப்பிடிக்காரர்கள் இருவரும் பகையை மறந்து தோளோடு தோள் நின்று, இடது பக்கம் சார், சாயுது சார் என்று கத்தினார்கள். கரடிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் முதலாளியான நாளிலிருந்து கையெழுத்துப் போடுவதைத் தவிர ஒரு வேலையும் செய்யாமல் கிடந்த உடம்புக்கு இது திருவிழா போல இருந்தது. திருப்பத்தில் பீரோவோடு பொத்தென்று உட்கார்ந்தார். கைதட்டல் சட்டென்று நின்றது. ஒலிப்பதிவாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கோலை முன்னால் நீட்டினார்.

கரடிக்காரர் வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, இவர்களை எப்படி அனுப்பப் போகிறோம் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே வாசற்கதவு திறந்தது. உள்ளே வந்தவர் மாமியார். இன்றைக்காவது மாப்பிள்ளையின் பெருமையைப் போய்ப் பார்த்துவிட்டு வா, அவருக்கும் மனசு தெம்பாகும் என்று மகள் வற்புறுத்திக் காரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, கையில் பையோடு, பளபளக்கும் தரையில் வழுக்காமல் பார்த்து நடந்து வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாடிக்கும் சொந்தக்காரர் கிழிந்த சட்டையோடு, கலைந்த தலையோடு, முதுகில் பீரோவோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

மாடிப்படியில் ஒரு பெருமூச்சு கேட்டது. நீளமாக, நிதானமாக, நடுவில் ஒரு சின்னத் தடங்கலோடு. கடைசியில் "ஹூம்" என்று முடிந்தது.

"வந்துடுச்சு சார்," என்று கண்ணைத் திறக்காமலே கூவினார் ஒலிப்பதிவாளர். "அதேதான். அச்சு அசல் அதேதான்."

கட்டடமே ஆடிப்போனது. அறுபது பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மேலாளர் கையில் பிடித்திருந்த போனோடு விசும்பி அழுதார். கைப்பிடிக்காரர்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களும் அவரவர் வீட்டில் குதித்திருப்பார்கள்.

பீரோவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் விடவே இல்லையே."

சத்தம் அடங்கியது. ஒலிப்பதிவாளர் கண்ணைத் திறந்தார். கோல் மைக்கை மெல்லக் கீழ்ப்பக்கம் திருப்பினார். அதோடு சேர்ந்து எல்லாத் தலைகளும் திரும்பின. மாமியார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தை?" என்றார் கரடிக்காரர்.

ஒலிப்பதிவாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றார். "அம்மா, இந்த மாதிரி இன்னும் ஒரு நூறு வருமாம்மா?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அந்தப் பழைய வீட்டுல மாப்பிள்ளையை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாம, தினமும் அவர் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னு நான் விட்டுட்டுப் போனதே ஆயிரத்துக்கு மேல இருக்குமேப்பா."